இருவர் அமரும் நுண்ணோக்கி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே! மேடையில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கங்க" என்று காதோடு சொல்லியனுப்பிய நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த டாக்டர் அம்மாவின் கணவர், புகைப்படக் கலைஞர் ஐயா அவர்களே! அம்மாவின் மகளே! சாயக்கறை படிந்த விரல்களோடு, வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் படியேறி வந்திருக்கும் கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத் தோழர்களே! செவிலியர்களே! சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும், சேதி கேட்டதும் இன்று இங்கே வந்து நிற்கும் பெரியவர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழட்டு அறுவை மருத்துவனின் கனத்த வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்கிறார்கள். "கத்திக்காரரே, உங்க அறுவையெல்லாம் ஆபரேஷன் தியேட்டரோட நிறுத்திக்கங்க, மேடைக்குக் கொண்டுவராதீங்க" என்று அம்மாவே என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சை நான் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் கேட்பேனா?

மேடையில் வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். ஐயா எடுத்த படம். ஊரிலுள்ளவர்களையெல்லாம் சிரிக்கவைத்துப் படம் பிடித்த மனிதர், சொந்த மனைவியைப் பிடித்த படத்தில் முகம் பாதிதான் தெரிகிறது. குனிந்து நுண்ணோக்கிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரிகிற மாதிரி வேறு படம் ஒன்றுகூட இல்லையா என்று நேற்று கேட்டேன். ஐயா சொன்னார், "அவ தலையைத் தூக்கினாத்தானே எடுக்கறதுக்கு?"

யார் இவர்கள்? பேராசிரியர், திசு ஆய்வுத் துறையின் முன்னாள் தலைவர், தலை கழுத்துப் புற்றுநோய்களை நுண்ணோக்கியில் படித்துச் சொல்வதில் இந்த மருத்துவமனையின் கடைசித் தீர்ப்பு! பட்டங்களை அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு அவர்கள் யார்? மறுபடி அம்மா! துப்புரவுப் பணியாளரிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் மறுபடி அம்மா! "மறுபடி பாருங்க" என்று அவர்கள் சொல்லாத நாள் உண்டா? அதைக் கேட்டு எரிச்சல்படாத ஒருவர் இந்த அரங்கில் உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஐயா, நீங்களும் தூக்கவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே உங்களை மறுபடி மறுபடி நடக்கவிட்டார்களாமே!

அந்தக் கீழ்த்தள அறை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. படி இறங்கினால் முதலில் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி, அப்புறம் உருகிய மெழுகின் வாசனை. ஜன்னலே இல்லாத அறை. மேலே ஒரு மின்விசிறி, அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தரும். அட்டைத் தட்டுகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஸ்லைடுகள். நடுவில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கும் இரட்டை நுண்ணோக்கி. அதில் இருவர் உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். அம்மா எந்த அறிக்கையிலும் தனியாகக் கையெழுத்துப் போட்டதில்லை. எதிரே யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். துறையில் ஆள் இல்லையென்றால், வழியில் போகிற என்னைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

மேலே அறுவை அரங்கில் நோயாளியின் கழுத்தைத் திறந்துவைத்துவிட்டு, வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று கேட்டு ஒரு துண்டைக் கீழே அனுப்பிவிட்டு நான் நிற்பேன். தொலைபேசி அடிக்கும். "மறுபடி ஒரு துண்டு அனுப்புங்க." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்னும் எத்தனை துண்டுதான் வெட்டுவது என்று கத்துவேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் நிதானமாக வரும். "உங்க அவசரம் உங்க கையோட இருக்கட்டும் கத்திக்காரரே, என் கண்ணுல ஏத்தாதீங்க." இருபத்தைந்து வருஷம் இப்படிச் சண்டை போட்டோம் ஐயா! எலியும் பூனையுமாக இருந்தோம். இனி நான் யாரோடு சண்டை போடுவேன்?

அந்தக் காலத்தில் தொண்டைப் புற்றுநோய் என்றாலே எங்களுக்கு ஒரே கேள்விதான். புகையிலையா, மதுவா? பிறகு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்கள் வரத் தொடங்கினார்கள். டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் கட்டி. சோதித்தால், காரணம் ஒரு வைரஸ். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் அதே குடும்பத்து வைரஸ். எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு அது ஒருவகையில் ஆறுதல். ஏனென்றால் புகையால் வந்ததைவிட வைரஸால் வந்தது சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். அந்த ஆறுதலில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பும் நடந்தது.

ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்களிடம் வந்தார். வேறோர் இடத்தில் கதிர்வீச்சு கொடுத்து அடங்கிய தொண்டைக் கட்டி, திரும்பவும் கழுத்திலும் நுரையீரலிலும் தலைகாட்டியிருந்தது. என் கத்திக்கு அங்கே வேலையில்லை. கீழே அனுப்பிய திசுவில் வைரஸின் அடையாளம் தெரிந்தது. அந்த முடிவைக் கையில் வாங்கிய ஓர் இளம் மருத்துவர் மகிழ்ச்சி தாங்காமல் தாழ்வாரத்தில் ஓடினார். வெளியே காத்திருந்த ஓட்டுநரின் மனைவியிடம், "நல்ல செய்தி மேடம்! உங்க வீட்டுக்காரருக்கு வைரஸ்தான்!" என்றார். அவர்கள் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்காமல் விடுவார்களா? "எந்த வைரஸ்? எப்படி வரும்?" நம் மருத்துவர் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொன்னார். நெருக்கமான உறவின் வழியாக வரும் என்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்!

அந்த இளம் மருத்துவர் இன்று இந்த மேடையில்தான் இருக்கிறார். யாரென்று நான் சொல்ல மாட்டேன். யாருக்குக் காது சிவந்திருக்கிறதோ அவர்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு 'நல்ல செய்தி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சிரித்துவிட்டோம். ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை கணவரோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். மருந்துச் சீட்டோடு வருவார்கள், மாத்திரையை எடுத்துவைப்பார்கள், ஒரு வார்த்தை வராது. நாங்கள் அவருக்கு ஒரு புது வகை மருந்தை யோசித்துவைத்திருந்தோம். அவரோ சம்மதக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "முப்பது வருஷம் அவகூட வாழ்ந்திருக்கேன் டாக்டர். ஒரு தப்பும் பண்ணினதில்ல. அவளே நம்பலைன்னா இந்த உசிரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். ஆசிரியையிடம் கேட்டேன். "நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி சார். யார்கிட்டேர்ந்து வந்துச்சு? அதுக்கு அவருக்குப் பதில் தெரியல. அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றார்கள். நோய் அதன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தையல் போடத் தெரியும், இதை எப்படித் தைப்பது?

கீழே போய்ப் புலம்பினேன். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா அதுவரை தம் பணிக்காலத்தில் எந்த நோயாளியின் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. திசுவைப் பார்ப்பவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, அதுதான் அந்தத் துறையின் வழக்கம். நான் சொல்லி முடிக்கும்வரை குனிந்தபடியே இருந்தார்கள். பிறகு தலையைத் தூக்கி, "ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வாங்க. அந்த நல்ல செய்தியையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

அந்த மதியம் என் கண்முன்னேயே நிற்கிறது. "டீச்சர், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. டிரைவர் சார், நீங்க இந்தப் பக்கம். நான் நின்னுக்கறேன். கத்திக்காரரே, கதவைச் சாத்துங்க. உள்ள நின்னு சாத்துங்க, நைஸா ஓடிடாதீங்க." வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத கணவனும் மனைவியும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரே ஸ்லைடுக்குள் குனிந்தார்கள்.

"பழுப்பா தெரியுது பாருங்க, அதெல்லாம் கட்டியோட செல்லு. வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. அது பண்ணி வெச்ச வேலை மட்டும்தான் தெரியும்."

"இது எப்ப வந்தது?" ஆசிரியைதான் கேட்டார்கள்.

"தெரியாது டீச்சர்."

"யார்கிட்டேர்ந்து?"

"அதுவும் தெரியாது. இத்தனை வருஷமா ஸ்லைடு பார்க்கிறேன். எந்த ஸ்லைடுலயும் தேதி இருந்ததில்ல, ஆள் பேரும் இருந்ததில்ல. பத்து வருஷம், இருபது வருஷம், அதுக்கு மேலகூட இது சத்தமே இல்லாம உள்ள கிடக்கும். உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம். அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்கலாம், உங்ககிட்டேர்ந்து அவருக்குப் போயிருக்கலாம். பெரும்பாலான மனுஷங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இந்த வகை வைரஸ் வரும். உடம்பு அதைத் துரத்திடும், நமக்கே தெரியாது. எனக்கு வந்துட்டுப் போயிருக்கலாம். இதோ நிக்கிறாரே கத்திக்காரர், இவருக்கும் வந்துட்டுப் போயிருக்கலாம்."

நான் கதவைப் பார்த்தேன். நானே சாத்திய கதவு! சிரிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றேன். நம் நல்ல செய்தி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஆசிரியை அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். "என்கிட்டேர்ந்தும் போயிருக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"போயிருக்கலாம். இல்லைன்னு சொல்ல என்கிட்ட சோதனை கிடையாது. அவர் தப்பு பண்ணலைன்னும் இந்தக் கண்ணாடி சொல்லாது, பண்ணினார்னும் சொல்லாது. அதுக்குத் தெரியாததைச் சொல்லச் சொல்லி நீங்க அவரைக் கேட்டுட்டு இருக்கீங்க. மறுபடி பாருங்க டீச்சர்."

மறுபடி குனிந்தார்கள். இந்த முறை அம்மா வேறொரு ஸ்லைடை வைத்தார்கள். கட்டியைச் சுற்றிலும் நீலப் பொட்டுகளாக ஒரு கூட்டம். வைரஸ் தொடர்பான தொண்டைக் கட்டிகளில் இந்தக் கூட்டம் பெரும்பாலும் நிறையவே இருக்கும். உடம்பின் காவல் செல்கள். ஆசிரியை கேட்டார்கள், "இத்தனை பேர் சுத்தி நிக்கிறாங்களே, ஏன் ஒண்ணும் பண்ணாம நிக்கிறாங்க?"

அன்பர்களே, எத்தனை மாநாடுகளில் எத்தனை அறிஞர்கள் பேசிய கேள்வி இது! அம்மா ஓட்டுநரின் பக்கம் திரும்பினார்கள். "டிரைவர் சார், பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுவீங்களா?"

"யாரும்மா ஓட்டுவாங்க?"

"உடம்பும் அப்படித்தான். இந்தக் காவல் செல்லுக்கெல்லாம் ஒரு பிரேக் இருக்கு. இல்லைன்னா சொந்த உடம்பையே இடிச்சுத் தள்ளிடும். அதுவும் தொண்டை ஒரு வாசல் மாதிரி. தினமும் சோறு தண்ணி, தூசி தும்பு, கிருமி எல்லாம் இந்த வழியாத்தான் போகுது. ஒவ்வொண்ணுக்கும் சண்டைக்குப் போனா தொண்டை எப்பவும் வீங்கியே கிடக்கும். அதனால அந்த இடத்துல பிரேக் கொஞ்சம் நல்லாவே பிடிக்கும். இந்தக் கட்டி என்ன பண்ணுதுன்னா, அந்த பிரேக்குல கால வெச்சு அழுத்திட்டு உக்காந்திருக்கு."

"அப்ப என் வண்டி நல்லாத்தான் இருக்கா?"

"இன்ஜின் ஓடிட்டுத்தான் இருக்கு சார். நாங்க குடுக்கற மருந்து, அந்தக் காலைத் தட்டிவிடும், அவ்வளவுதான். எல்லாருக்கும் கேக்கறதில்ல, பாதிக்கு மேல கேக்காமலும் போகும். பிரேக்கைத் தளர்த்தினா வேற எங்கயாவது போய் முட்டவும் செய்யும். வயிறு, தோல், தைராய்டுன்னு எதையாவது இழுத்து விடும். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா காவல்காரங்களே இல்லாத ஸ்லைடு நிறைய பார்த்திருக்கேன். இதுல இத்தனை பேர் நிக்கிறாங்க. போட்டுப் பார்க்கலாம்னுதான் என் கண்ணுக்குத் தோணுது."

ஆசிரியை நிமிர்ந்தார்கள். எதிரே, ஒரு சாண் தூரத்தில், கணவரின் முகம். எவ்வளவு மெலிந்துவிட்டிருந்தது அந்த முகம்! அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்து எத்தனை நாளாகியிருக்கும்? அப்போது ஆசிரியை சொன்னது ஒரே வார்த்தைதான். "சாப்பிட்டீங்களா?"

ஓட்டுநர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா எங்களையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அன்று மாலையே கையெழுத்து வந்தது.

மருந்து கேட்டது. கழுத்துக் கட்டி கரைந்தது, நுரையீரலில் இருந்தவை சுருங்கின. ஓட்டுநர் மறுபடி வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நோய் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வந்தது, அவரைக் கொண்டும் போனது. காரியமெல்லாம் முடிந்து ஆசிரியை அந்தக் கீழறைக்கு வந்தார்கள். "மருந்து கைவிட்டுடுச்சு டாக்டர். ஆனா அந்த ரெண்டு வருஷமும் பேசாம நாங்க ஒரு நாள்கூடத் தூங்கப் போனதில்ல" என்றார்கள். அம்மா அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார்கள். இந்த வைரஸ் பெயர் அறிக்கையில் வந்தால், கணவனும் மனைவியும் வியாழக்கிழமை கீழறைக்கு வரலாம், தங்கள் நோயைத் தாங்களே பார்க்கலாம், எதையும் கேட்கலாம். ஆசிரியையும் ஒவ்வொரு வியாழனும் வந்து துணைக்கு உட்கார்ந்தார்கள், இன்று இந்த அரங்கிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நல்ல செய்தியோ, அன்று சுவரோடு ஒட்டிக்கொண்டவர் அந்தச் சுவரை விட்டு வரவே இல்லை. வார்டை விட்டுவிட்டுத் திசு ஆய்வு படித்து, அம்மாவின் எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்று அந்தத் துறையின் தலைவர் அவர்தான்.

அம்மா ஓய்வுபெற்ற பிறகும் வியாழக்கிழமை தவறாமல் வந்தார்கள். போன வாரம்கூட வந்தார்கள். சனிக்கிழமை காலை ஐயா எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. எந்தத் துன்பமும் இல்லாமல், தூக்கத்திலேயே! பிறருக்காக அத்தனை பாடுபட்டவர்களுக்கு இயற்கை அந்த ஒரு மரியாதையையாவது செய்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை ஐயா. தேறுவதாக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அன்பர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறார்கள். மௌனமா? அம்மாவுக்கா? ஒரு வீட்டில் விழுந்த மௌனத்தை உடைக்கத்தானே அவர்கள் முதன்முதலாகத் தலையைத் தூக்கினார்கள்! அவர்களுக்கு நாம் மௌனத்தையா காணிக்கையாக வைப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று என்ன கிழமை? வியாழக்கிழமை! அரங்கம் காலியாக இருக்கிறதென்று நாள் குறித்தோமே, ஒருவருக்காவது நினைவு வந்ததா? நான் மேலே வரும்போது கீழறை வாசலில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேதி யாரும் சொல்லவில்லை. அவர் பெஞ்சின் இந்தக் கோடியில், அந்தப் பெண் அந்தக் கோடியில். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். பெண்ணின் மடியில் அறிக்கை. "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "இப்ப வந்துடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி, நல்ல செய்தி! அம்மா போன நாளிலிருந்து நீ அந்த அறைக்குள் போகவில்லை என்று உன் ஆட்கள் சொன்னார்கள். அந்த நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை என்றாயாம். எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தப் படியிறங்கக் கால் வரவில்லை. எனக்கு அடுத்து நீ பேசுவதாக நிரலில் இருக்கிறது. எழுதிவைத்த தாளைச் சட்டைப்பையில் தடவிக்கொண்டிருக்கிறாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த உரையை இங்கே படிக்க வேண்டாம். எங்களுக்கு அம்மாவைத் தெரியும். தெரியாத இருவர் கீழே இருக்கிறார்கள்.

அம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் எழுந்து நின்று உறுதி சொல்லலாம்தான். இத்தனை பேர் சேர்ந்து சொன்னால் அரங்கமே அதிரும். ஆனால் அந்தப் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது கேட்காதே! எழுந்திரு தம்பி. அதோ, ஆசிரியை அம்மா எழுந்துவிட்டார்கள், படிப்பக்கம் நடக்கிறார்கள். அவர்களைத் தனியாக இறங்க விடாதே. அம்மாவின் நாற்காலியில் நீ உட்கார வேண்டாம், அவர்கள் அன்று செய்த மாதிரி நின்றுகொள். நாற்காலி அந்த இருவருக்குத்தான். அவர்களைப் பேச வை. நாங்கள் இங்கேயே இருக்கிறோம். அவர்கள் இருவரும் ஒன்றாகப் படியேறிப் போனார்கள் என்று நீ வந்து சொல்லும்வரை இந்தக் கூட்டம் கலையாது.